உறங்கும்போதும் ஓடும் நாடி

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயில் நோயாளி சொல்லும் குறைகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். நன்றாகப் பசிக்கிறது, ஆனால் உடம்பு இளைக்கிறது. நான்கு படி ஏறினால் தொடை சோர்ந்துவிடுகிறது, ஆனால் நீட்டிய விரல்கள் ஓயாமல் நடுங்குகின்றன. நாள் முழுக்க அலுப்பு, ஆனால் படுத்தால் தூக்கம் வருவதில்லை. முதல் இரண்டுக்கும் விளக்கம் எளிது: உடம்பு தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவதுதான் புதிர். நாள் முழுக்க நாற்று நட்டவர் பாயில் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறார். அவரைப் போலவே, சில வேளை அவரைவிடக் கூடுதலாகவும் களைத்துப்போன ஓர் உடம்பு ஏன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்?

தைராய்டு, குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயின் முன்னால் அமைந்த, ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுரப்பி. பாடநூல்களில் கேடயச் சுரப்பி என்ற பெயரும் உண்டு. உணவில் வரும் அயோடினை இரத்தத்திலிருந்து பிடித்து, அதைக்கொண்டு இரண்டு இயக்குநீர்களைத் தயாரிப்பது இதன் வேலை. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது தைராக்சின், சுருக்கமாக டி4. மூன்று கொண்டது டி3. சுரப்பியிலிருந்து பெருமளவு வெளிவருவது டி4தான். ஈரல் முதலான திசுக்களில் அது ஓர் அயோடினை இழந்து டி3 ஆகிறது. உயிரணுவுக்குள் புகுந்து வேலை வாங்குவது இந்த டி3. இதன் பிடிக்குத் தப்பிய உறுப்பு அநேகமாக இல்லை. இதயம் எத்தனை முறை துடிப்பது, குடல் எவ்வளவு விரைவாக அசைவது, தசை எவ்வளவு எரித்து எவ்வளவு வெப்பத்தை வெளிவிடுவது என்பதிலெல்லாம் இதற்குக் கை உண்டு.

இந்தச் சுரப்பை அளவோடு வைத்திருக்கும் ஏற்பாட்டை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிடலாம். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானியங்கி சுவிட்ச் மோட்டாரை ஓட விடும், நிறைந்தால் நிறுத்தும். இங்கே சுவிட்ச், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் கட்டளை, டி.எஸ்.எச். எனப்படும் தைராய்டு தூண்டுநீர். இரத்தத்தில் டி4, டி3 குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும்; கூடினால் இறங்கும். ஆய்வுக்கூட அறிக்கைகளில் இதன் இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை என்று அச்சாகியிருக்கும். மிகைச் சுரப்புக்கு முதன்மைக் காரணமான கிரேவ்ஸ் நோயில், சுவிட்சைத் தாண்டி மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்துவிட்ட நிலை ஏற்படுகிறது. தொட்டி வழிகிறது, சுவிட்ச் எப்போதோ அணைந்துவிட்டது, மோட்டார் மட்டும் நிற்கவில்லை. அறிக்கையில் டி.எஸ்.எச். 0.01 அளவில் கிடக்க, டி4 மேலே நிற்பதன் பொருள் இதுதான். டி.எஸ்.எச். குறைவு என்று கண்டதும் தைராய்டு குறைவு என்று எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை, உண்மை நேர்மாறு.

அந்த நேர் ஒயர் எது என்று தெரியவர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. டப்ளின் மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் கழுத்து வீக்கமும் கடும் படபடப்பும் கொண்ட பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் ஒருவரின் இதயத் துடிப்பு, படுக்கையிலிருந்து சற்றுத் தள்ளி நின்றவர்களுக்கே கேட்டதாம். 1840இல் ஜெர்மனியின் மெர்ஸபுர்க் நகர மருத்துவர் பாசெடோ, கண் துருத்துவதையும் சேர்த்து அதே நோயை விவரித்தார். காரணத்துக்கான தடயம் 1956இல் நியூசிலாந்தின் டுனெடினில் கிடைத்தது. ஆடம்ஸ், பர்வ்ஸ் என்ற இருவர் நோயாளிகளின் இரத்தநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, அவற்றின் தைராய்டு எப்போது தூண்டப்படுகிறது என்று கவனித்தார்கள். டி.எஸ்.எச். என்றால் விளைவு இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடும். நோயாளிகளின் இரத்தநீரோ மெல்ல ஏறி, பல மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வந்தது. ஆக, தூண்டியது டி.எஸ்.எச். அல்லாத வேறொன்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புரதம் ஒன்று வழிதவறி, தைராய்டில் டி.எஸ்.எச். அமரும் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது பின்னர் உறுதிப்பட்டது.

கழுத்துக் கழலையில் உள்ள ஒரு முடிச்சு தன்னிச்சையாகச் சுரப்பதாலும், சுரப்பி அழற்சியடைந்து சேமிப்பு கசிவதாலும், தைராக்சின் மாத்திரை அளவு மீறுவதாலும் இதே நிலை வரும். இது அரிய நோயும் அன்று. கொச்சியில் பொதுமக்களிடையே நடந்து 2009இல் வெளியான கணக்கெடுப்பில், வெளிப்படையான மிகைச் சுரப்பு 1.3 விழுக்காட்டினரிடமும், குறிகள் தெளிவாக இல்லாத தொடக்க நிலை 1.6 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது.

இனி உறக்கத்துக்கு வரலாம். சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் முன்வைத்த விளக்கப்படி, உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று உறக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் முதலான பொருள்கள் சேர்ந்து இதை ஏற்றிக்கொண்டே போகும். காபி விழிக்க வைப்பது, அடினோசின் அமரும் இடத்தை அடைத்துக்கொள்வதால்தான். மற்றொன்று உடற்கடிகாரம், இரவு வந்ததும் உறங்கு என்றும் விடிந்ததும் எழு என்றும் அது சொல்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் போதாது. விழிப்பைக் காத்து நிற்கும் நரம்புக் கூட்டங்கள் மூளைத்தண்டிலும் அதற்கு மேலும் உள்ளன. அவை ஓய்ந்து வழிவிட வேண்டும். இதயம் நிதானிக்க வேண்டும், உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். மிகைத் தைராய்டு உள்ளவரிடம் பழுது இந்தக் கடைசிப் பகுதியில்தான். உறக்க அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, கடிகாரமும் ஓடுகிறது, விழிப்பு மட்டும் வழிவிட மறுக்கிறது. அலுப்பு என்பது தசையும் எரிபொருளும் தீர்ந்ததற்கான அறிகுறி. அது உறக்கத்தின் தேவையைக் கூட்டும். உறக்கத்தின் வாசலைத் திறந்துவிடாது.

வாசல் அடைபடும் வழிகளில் மதுரைச் சமவெளியில் வாழ்பவருக்கு முதலில் உறைப்பது வெப்பம். உறங்கப்போகும் நேரத்தில் கை கால்களின் தோலடி இரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டும். உள்வெப்பம் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். அந்த இறக்கத்தோடு உறக்கம் வரும். 1999இல் பாசெல் நகர ஆய்வாளர்கள், கால் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் தூக்கம் பிடிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். மிகைத் தைராய்டில் உள்ளங்கை எப்போதும் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும், அதாவது வெப்பத்தை வெளியேற்றும் வழி ஏற்கெனவே முழுதாகத் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே அடுப்பு அணையவில்லை. சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு எரிக்கும் அளவு, கடுமையான நோயில் இயல்பைவிட ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் போகும். வெளியேற்றும் அளவுக்கு உள்ளே உண்டாகிக்கொண்டே இருப்பதால் உள்வெப்பம் இறங்க மறுக்கிறது.

அக்கினி நட்சத்திர நாட்களில் மதுரையில் பகல் வெப்பம் 40 பாகையை நெருங்கும். இரவிலும் 26, 27 வாக்கில் நிற்கும். பகலெல்லாம் வெந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு தாண்டியும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். தோலுக்கும் காற்றுக்கும் வெப்ப வேறுபாடு குறையக் குறைய, வியர்வை ஒன்றையே உடம்பு நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டில் எல்லோருமேதான் புரண்டு படுக்கிறார்கள் என்பதால் நோயாளியின் குறை பத்தோடு பதினொன்றாகக் கரைந்துபோகும். மார்கழியில்தான் வேறுபாடு துலங்கும். மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும்போது ஒருவர் மட்டும் மின்விசிறியை ஐந்தில் வைக்கச் சொன்னால், அது கவனிக்க வேண்டிய குறி.

இரண்டாவது வழி இதயம். நலமாக உள்ளவர் உறங்கும்போது நாடி, விழித்திருக்கும் நிலையைவிட நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது துடிப்பு இறங்கும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுவதே காரணம். டி3 இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் உயிரணுக்களிலேயே நேராக வேலை செய்து, அவற்றின் சொந்த வேகத்தைக் கூட்டிவிடுகிறது. அட்ரினலின் வகைப் பொருள்களை ஏற்கும் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கையையும் இதயத்தில் பெருக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளியின் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்வதைக் காட்டும். இரத்தத்தில் அளந்தால் அது இயல்பாகவோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். கூடியிருப்பது அதைக் கேட்கும் செவியின் கூர்மை.

இந்த இதய வேகத்தை வைத்து, இரத்தப் பரிசோதனைகள் பரவாத காலத்திலேயே மருத்துவர்கள் ஒரு முறையைக் கையாண்டார்கள். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் அறுவை சிகிச்சை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். உறங்குநாடி என்று அதைச் சொல்லலாம். கழுத்து வீக்கத்தோடும் படபடப்போடும் வரும் ஒருவருக்கு இருப்பது தைராய்டு மிகையா, வெறும் மனப்பதற்றமா என்பது கேள்வி. பகலில் மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்தால் இருவருக்கும் நாடி 110 ஓடலாம். மருத்துவமனைக்கு வந்திருப்பதே பதறப் போதுமானது. ஆனால் பதற்றம் என்பது விழித்திருக்கும் மனத்தின் காரியம். உறங்கியதும் பதற்றம் மட்டுமே உள்ளவரின் நாடி 70க்கு இறங்கிவிடும். தைராய்டு நோயாளிக்கும் உறக்கத்தில் நாடி சற்று இறங்கத்தான் செய்கிறது. ஆனால் உயரத்திலிருந்து உயரத்துக்கே இறங்குகிறது, 120 என்பது 100 ஆகிறது. அவ்வளவுதான்.

எண்ணுவதிலும் ஒரு நேர்த்தி வேண்டும். வார்டில் சந்தடி அடங்கிய பின், இரவு இரண்டு மணி வாக்கில், விளக்கைப் போடாமல், முன்கூட்டிச் சொல்லாமல், செவிலியர் மணிக்கட்டில் மூன்று விரலை மெல்ல வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. விரல் பட்டு நோயாளி விழித்துக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லாது. சில இரவுகள் தொடர்ந்து எண்ணிச் சராசரி எடுப்பார்கள். உறங்குநாடி 90க்குக் கீழே இருந்தால் நோய் மிதம், 90 முதல் 110 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பது பாடநூல் கணக்கு. ஒரு நோயின் அளவை உறக்கத்தின் வழியே அளந்த இந்த எளிய உத்திக்கு இன்று கைக்கடிகாரக் கருவிகள் புது உயிர் கொடுத்திருக்கின்றன. 2018இல் தென்கொரிய ஆய்வாளர்கள் மிகைத் தைராய்டு நோயாளிகளுக்கு இத்தகைய கருவிகளை அணிவித்து, ஓய்வுநிலை நாடி ஏறுவதும் இறங்குவதும் இரத்தத்தில் உள்ள தைராக்சின் அளவோடு இசைந்தே நடப்பதைக் காட்டினார்கள். விலையுயர்ந்த அந்தக் கடிகாரம் இல்லாத வீட்டிலும், விழித்திருக்கும் ஒருவர் தூங்குபவரின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கத் தடையில்லை.

உறக்கம் நன்றாக இருக்கிறதா என்பதை அளப்பது நாடி எண்ணுவதைவிடச் சிக்கலானது. அளவுகோல் இரண்டு உண்டு. ஒன்று நோயாளியையே கேட்பது. பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீடு என்ற வினாத்தாள் 1989இல் வெளியானது. படுத்து எவ்வளவு நேரம் கழித்துத் தூக்கம் வருகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு, பகலில் அசதி உண்டா என்று 19 கேள்விகள். மொத்த மதிப்பெண் 21. ஐந்துக்கு மேல் போனால் உறக்கம் சரியில்லை என்று பொருள். மற்றொன்று, தலையில் மின்முனைகளை ஒட்டி இரவு முழுக்க மூளையலைகளைப் பதிவது. இரவின் நிலைகளை விழிப்பு, மேலோட்டமான உறக்கம், மெதுவலைகள் எழும் ஆழ்உறக்கம், கனவு காணும் விரைவிழி உறக்கம் என்று அது பிரித்துக் காட்டும்.

கேள்வி கேட்டு அறிந்தவை எதிர்பார்த்தபடியே உள்ளன. விசாகப்பட்டினத்தில் ஜி. ஆர். ஸ்ரீதரும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் இந்திய நாளமில்லாச் சுரப்பி மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, மிகைத் தைராய்டு உள்ளவர்களின் உறக்கத்தை மற்றவர்களுடைய உறக்கத்தோடு ஒப்பிட்டது. தூக்கம் பிடிக்கத் தாமதமாவதே அவர்கள் பெரிதும் சொன்ன குறை. மூளையலைப் பதிவுகளோ எதிர்பாராத ஒன்றைக் காட்டின. எடின்பரோவில் இயன் ஆஸ்வால்டின் குழு 1974இல் ஒரு சில நோயாளிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உறக்கக் கூடத்தில் படுக்க வைத்தது. அவர்களுக்கு ஆழ்உறக்கம் குறைந்திருக்கவில்லை, மிகுந்திருந்தது. ஆழ்உறக்கத்தோடு சேர்ந்து சுரக்கும் வளர்ச்சி இயக்குநீரும் கூடியிருந்தது. சிகிச்சைக்குப் பின் இரண்டும் இறங்கின. தைராய்டு குறைந்தவர்களிடம் ஆழ்உறக்கம் குறைகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. இது அதன் மறுபக்கம்.

நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் இதைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு இது நல்ல வெளிச்சம் தருகிறது. பகலில் வேகமாக எரிந்து தேய்ந்த உடம்பு, பழுது பார்க்க ஆழ்உறக்கத்தை மிகுதியாகக் கோருகிறது. வாசல் ஒருவழியாகத் திறந்து உள்ளே போனதும் ஆழத்துக்கே இறங்குகிறது. ஆக, நோயாளி இழப்பது ஆழ்உறக்கத்தை அன்று. உள்ளே நுழையக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரமும், வியர்த்தும் சிறுநீர் கழிக்கவும் எழுந்து துண்டுபட்ட பின்னிரவுமே அவருடைய இழப்பு. “கண்ணை மூடினால் அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறார், ஆனால் மூடத்தான் மாட்டேன் என்கிறார்” என்று வீட்டார் சொல்வதில் முரண் ஏதும் இல்லை.

தூங்காமல் விழித்திருப்பதே தைராய்டைக் கெடுத்துவிடுமோ என்ற எதிர்க்கேள்வியும் எழும். மதுரை போன்ற ஊரில் அது வெறும் கேள்வியன்று. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் காய்கறிச் சந்தையிலும் விடியுமுன் வேலை தொடங்கிவிடுகிறது. இரவுக் கடைகளில் அடுப்பு நள்ளிரவு தாண்டியும் எரிகிறது. டி.எஸ்.எச். நாளெல்லாம் ஒரே அளவில் சுரப்பதில்லை. மாலையில் ஏறத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி உச்சம் தொடும். உறக்கம் அதைக் கொஞ்சம் அழுத்திவைக்கும். இரவு முழுக்க விழித்தால் அந்த அழுத்தம் இல்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. ஆனால் டி4, டி3 அளவுகள் அதனால் பெரிதாக அசைவதில்லை. கண் விழித்ததால் கிரேவ்ஸ் நோய் வந்தது என்று சொல்ல இது போதாது. கிரேவ்ஸ் வந்துவிட்டவரிடம் இந்த இரவு ஏற்ற இறக்கமே மறைந்துபோகும். சுவிட்ச்தான் அணைந்து கிடக்கிறதே.

உறக்கத்தோடு தொடர்புடைய ஒரு விபரீதம் ஆண்களுக்கே பெரும்பாலும் நேர்கிறது. தைராய்டு மிகை பெண்களிடமே பல மடங்கு கூடுதல் என்றாலும், இந்த ஒரு சிக்கலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்கள், அதிலும் இருபது முதல் நாற்பது வயதினர், அதிலும் ஆசியர். பகலில் கடுமையாக உழைத்தவர், இரவில் பரோட்டாவும் சால்னாவும் வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கிறார். விடிகாலை மூன்று நான்கு மணிக்கு விழித்து எழப் பார்த்தால் கால்கள் அசையவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, தொடைக்கு மட்டும் பலம் இல்லை. வீட்டார் பக்கவாதம் என்று அலறியடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவார்கள். இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 2 அளவுக்கு இறங்கியிருக்கும்.

பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேறவில்லை, இடம் மாறியிருக்கிறது. உயிரணுவின் சுவரில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. டி3 அதன் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. மாவுச்சத்து மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் சுரக்கும் இன்சுலின் அதை மேலும் முடுக்குகிறது. உழைத்துவிட்டு ஓய்ந்த தசை, உள்ளே போன பொட்டாசியத்தை வெளியே விடுவதில்லை. இத்தனையும் ஒரே இரவில் கூடிவரும்போது தசையின் மின்நிலை குலைந்து சுருங்க முடியாமல் போகிறது. சிலரிடம் பொட்டாசியத்தை வெளியே விடும் கால்வாயிலேயே பிறவிக் குறை இருப்பதை 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். இதயத் துடிப்பு தடம் புரளும் ஆபத்து இருப்பதால் இது மருத்துவமனையில் பார்க்க வேண்டியது. பொட்டாசியத்தை அளவு மீறிக் கொடுத்தால், உள்ளே ஒளிந்திருந்ததும் சேர்ந்து வெளியே வந்து எதிர்த் திசையில் ஆபத்தாகும். கால் மறுபடி நடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் தைராய்டு பரிசோதனை செய்தால்தான் அடுத்த தாக்குதலைத் தடுக்க முடியும்.

கண்ணும் இரவில் பாதிக்கப்படும் உறுப்பு. கிரேவ்ஸ் நோயில் கண்குழியின் தசையும் கொழுப்பும் வீங்கிக் கண்ணை முன்னே தள்ளும், மேலிமை பின்வாங்கும். பகலில் மிரண்டு பார்ப்பது போன்ற தோற்றம். இரவில் இமை இரண்டும் முழுதாகச் சேராமல் ஒரு கீற்று வெள்ளை தெரியும். அந்தக் கீற்றின் வழியே கருவிழி உலரும், நேர் மேலே மின்விசிறி சுழலும் நம் வீடுகளில் இன்னும் விரைவாக உலரும். காலையில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால், கண் சிவந்திருந்தால், இதை நினைக்க வேண்டும். படுக்கும்போது களிம்பு போடுவது, தலைமாட்டைச் சற்று உயர்த்துவது, விசிறிக் காற்று முகத்தில் நேராகப் படாமல் படுப்பது, பீடி சிகரெட்டை விடுவது ஆகியவை உடனடியாகச் செய்யக்கூடியவை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உள்ள ஊர் மதுரை. கண்ணுக்காக வந்தவரின் கழுத்தைக் கவனித்து, தைராய்டு மருத்துவரிடம் அனுப்புவது கண் மருத்துவத்தில் அரிதன்று.

இவ்வளவு குறிகள் இருந்தும் நோய் பிடிபடத் தாமதமாவதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, உடம்புச் சூடு என்ற பெயர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், இளநீர், நுங்கு, ஊறவைத்த வெந்தயம் என்று பல மாதங்கள் போகும். இவற்றால் தீங்கில்லை, சற்று இதமும் உண்டு. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்தது நரம்புத் தளர்ச்சி. கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை மூன்றையும் அந்த ஒரு சொல்லில் அடக்கிச் சத்து மாத்திரை வாங்கிவிடுவது வழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் சில மாதங்களில் தைராய்டு அழற்சி வந்து சேமிப்பு கசியலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய் தூங்காததை யார் நோயாக எண்ணுவார்கள்? முதியவர்களிடமோ படம் தலைகீழ். நடுக்கமோ பரபரப்போ இல்லாமல், வாடிச் சோர்ந்து, ஒழுங்கற்ற நாடியோடு மட்டும் வருவார்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

தைராய்டு குறைபாட்டுக்காகத் தைராக்சின் எடுப்பவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். எடை குறைந்த பின்னும் பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால், ஆண்டுக்கணக்கில் இரத்தம் பார்க்காமல் விட்டால், மருந்தே மிகையாகித் தூக்கத்தைக் கெடுக்கும். இன்னொரு சிறு பொறியும் உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவருக்கு, சில ஆய்வுக் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். தைராய்டு மிகையிலும் முடி கொட்டும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்தி, மருத்துவரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

சிகிச்சையில் உறக்கம் எந்த வரிசையில் திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதியில் மனம் தளராமல் இருக்கலாம். முதலில் வேலை செய்வது பீட்டா தடுப்பு மருந்து. 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் ஏற்பிகளை அடைத்துப் படபடப்பையும் நடுக்கத்தையும் சில நாட்களில், பெரும்பாலும் அன்றே, தணிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. மூளைக்குள் எளிதில் புகுவதால் சிலருக்குக் கெட்ட கனவும் வரும். அப்படியானால் அதே இனத்தில் வேறு மருந்துக்கு மாற்றலாம். இது சுரப்பைக் குறைப்பதில்லை. அதற்கு, நியோமெர்கசோல் என்ற பெயரில் பலரும் அறிந்த கார்பிமசோல் வேண்டும். புது இயக்குநீர் தயாராவதை அது தடுக்கிறது. ஆனால் மோட்டாரை நிறுத்தினாலும் தொட்டியில் நிறைந்த தண்ணீர் ஓடித் தீர வேண்டுமே. தைராய்டில் பல வாரங்களுக்கான இருப்பு சேர்ந்திருக்கும். வெளிவந்த டி4இல் பாதி கழியவே ஒரு வாரம் வரை ஆகும். நான்கு முதல் எட்டு வாரங்களில்தான் அளவுகள் இயல்புக்கு வருகின்றன. பத்து நாளில் தூக்கம் வரவில்லை என்று மாத்திரையைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. டி.எஸ்.எச். நிமிர இன்னும் சில மாதங்கள் பிடிக்கலாம். இயல்பு நிலைக்கு வந்துவிட்டதை டி4, டி3 முன்பே காட்டிவிடும்.

கார்பிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாகவே நேர்ந்தாலும் அலட்சியம் செய்யக்கூடாத பின்விளைவு அது. மாத்திரையால் நோய் நிரந்தரமாக அடங்காதவர்களுக்குக் கதிர் அயோடினும் அறுவை சிகிச்சையும் உள்ளன. முதலாவதைப் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் 1941இல் தொடங்கிவைத்தார். இரண்டாவதைப் பத்திரமானதாக்கிய தியோடர் கோகருக்கு 1909இலேயே நோபல் பரிசு கிடைத்தது. மதுரைச் சுற்றுவட்டாரத்தார் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும், முன்பு எர்ஸ்கின் மருத்துவமனையாக இருந்த அரசு இராசாசி மருத்துவமனை போன்ற கல்லூரி மருத்துவமனைகளில், அறுவைக்கு முன் சுரப்பை மருந்தால் இயல்புக்குக் கொண்டுவந்த பிறகே கத்தி வைப்பார்கள். உறங்குநாடியை எண்ணும் வழக்கம் நிலைத்ததும் அந்தக் காத்திருப்பு நாட்களுக்காகத்தான்.

அளவுகள் இயல்பான பின்னும் சிலருக்குத் தூக்கம் முழுதாகத் திரும்புவதில்லை. மருந்து அளவு மீறிச் சுரப்பு குறைந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியானால் பகல் தூக்கம், எடை ஏற்றம், குறட்டை என்று எதிர்த் திசையில் குறிகள் வரும். பெரிய கழலை மூச்சுக்குழாயை அழுத்துவதாலும் மல்லாந்து படுக்கையில் மூச்சு முட்டலாம். இவை இரண்டும் இல்லையென்றால், மாதக்கணக்கில் புரண்டதில் படுக்கையே விழிப்புக்குப் பழகிப்போயிருக்கும். அந்நிலையில் தூக்க மாத்திரையைவிடப் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சையே நிலைத்த பலன் தருகிறது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, இருபது நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வேறோரிடத்தில் உட்காருவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, மதியத்துக்கு மேல் காபி டீயை நிறுத்துவது ஆகியவை அதன் உறுப்புகள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.